கோல் காத்தவன் கைத் தண்ணீர்

1

பினாங்கில் என் கையால் உண்டானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் பெருமைக்குச் சொல்கிறான் என்பீர்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் பெருமைதான் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், வம்பு இல்லை.

துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்க வந்தவன் நான். தூக்கிய இடத்திலேயே தண்டல் ஆனேன். கூலிகளை வேலை வாங்கும் மேஸ்திரிக்கு இந்த ஊரில் தண்டல் என்று பேர். பிறகு சொந்தமாக ஒரு மாட்டு வண்டி வாங்கினேன். அது பெருகி வண்டிப்பேட்டை ஆயிற்று. இன்றைக்கு லாரியும் ஓடுகிறது. கல் வீடு கட்டினேன். எழுத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூட்டைகளில் மை குத்தியிருக்கும் கடைப் பெயர்களைக் கூட்டிக் கூட்டி நானே படித்தேன். ஆகையால் இதில் பிழை இருந்தால் அது அரிசி வியாபாரிகளுடைய பிழை.

இதெல்லாம் காசு உள்ள எவனும் செய்வான். எவனும் செய்யாத ஒன்றையும் செய்தேன். சுங்கைப் பினாங்கு ஆற்றோரம் முழங்கால் ஆழச் சேறாகக் கிடந்த நிலத்தில் என் வண்டிகளைக் கொண்டு மண் அடித்துக் கால்பந்துத் திடல் ஆக்கினேன். "அங்கே எருமைதான் விளையாடும்" என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் அதே திடலில் பந்து உதைத்தார்கள். தமிழனுக்கென்று ஒரு பந்துச் சங்கம் வைத்தேன். வெறுங்காலோடு ஆடிய கூலிகளை, பூட்ஸ் போட்டு ஆடியவர்களைத் தோற்கடிக்கும்படி செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சங்கத்துக்கு வெள்ளி விழா நடந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்பதை இங்கே இருக்கிறவர்களிடம் சொல்லிப் பயன் இல்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

இந்த மலாய் நாட்டைத் தெரிந்துகொள்ளக் கோர்ட்டுக் கச்சேரிக்கும் போகவேண்டாம், கோயிலுக்கும் போகவேண்டாம். சாயங்காலம் கடற்கரைப் பாடாங்குக்குப் போனால் போதும். பாடாங் என்றால் புல் திடல். நடுவில் துவான்கள், அதாவது வெள்ளைக்காரத் துரைகள், வெள்ளை உடுப்போடு கிரிக்கெட் ஆடுவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நாமெல்லாம் நின்று பார்க்கலாம்; பார்ப்பதற்குத் தடை கிடையாது. சீனனுக்கு ஒரு கிளப், வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்த சட்டைக்காரனுக்கு ஒரு கிளப், மலாய்க்காரனுக்கு ஒன்று. யார் எந்தத் திடலில் எந்தக் கிழமை ஆடலாம் என்பதைப் பார்த்தாலே இந்த நாட்டில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று விளங்கிவிடும். எழுத்தில் எழுதாத சட்டம் எல்லாம் அந்தப் புல்லில் எழுதியிருக்கும்.

தமிழனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. ஏனென்றால் அந்தக் காலத்தில் பினாங்கில் தமிழன் என்று ஒருவனும் இல்லை. மற்றவர்கள் நம்மை மொத்தமாகக் கெலிங் என்று கூப்பிட்டார்கள். நமக்குள்ளே நாம் யார்? நாகூர்க்காரன், சிவகங்கைக்காரன், திருச்சிக் கிறிஸ்து வேதக்காரன், சலவைக்காரன், சாக்கடை அள்ளுகிறவன். ஒரே கப்பலில் ஒன்றாக வாந்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்கியவர்கள்தான். இறங்கியவுடன் அவனவன் கோட்டை அவனவன் கிழித்துக்கொண்டான்.

திடலுக்கு அனுமதி கேட்டு முனிசிபல் ஆபீசுக்கு நடந்தபோது அங்கே இருந்த நம்மவர் குமாஸ்தா கேட்டார்: "எந்த இனத்துக்கு கிளப்பு?"

"தமிழனுக்கு."

"தமிழன்ல யாருக்கு?"

"பந்து ஒதைக்கிற தமிழனுக்கு."

"அப்புடி ஒரு ஜாதி கெடையாதே தண்டல்."

"இல்லாட்டி என்னங்க, இனிமே உண்டாக்கிக்குறோம்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் பாருங்கள், அப்படியே நடந்தது. நடந்ததை நான் இருந்து பார்த்தேன். அது அழிந்ததையும் இருந்து பார்க்கிறேன். இவ்வளவு நாள் உயிரோடு இருந்திருக்க வேண்டாம்.

3

சங்கத்தின் முதல் வருஷம். துறைமுகச் சீனக் கூலிகளின் அணியோடு எங்களுக்கு ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்து விசில் ஊதினார்கள். எங்கள் ஆட்கள் தண்ணீர் குடிக்க ஓடினார்கள். எங்கே ஓடினார்கள் என்பதுதான் விஷயம். பதினோரு பேருக்கு ஆறு பானை. திடலின் நாலு மூலையிலும் ஆளுக்கொரு திசையில், அவனவன் கூட்டத்துக்கு அவனவன் பானை. சீனர்கள் எல்லாரும் நடுவில் ஒரு தேநீர்க் கூஜாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

எங்கள் கோல் காப்பவன் பேர் அந்தோணி. வேதக்காரன். முனிசிபாலிட்டியில் சாக்கடை அள்ளுகிற வேலை. மூங்கில் போல உயரம். கை இரண்டும் முறம் மாதிரி இருக்கும். அவனுடைய பானை வேலிக்கு வெளியே, வாய்க்கால் பக்கம் இருந்தது. அங்கே வை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது.

மறுபடி விசில் ஊதியபோது அந்தோணி வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தான். சீனன் ஒருவன் காலியாகக் கிடந்த கோலுக்குள் நடந்துபோய்ப் பந்தை வைத்துவிட்டு வந்தான். உதைக்கக்கூட இல்லை; குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தான். பார்க்க வந்த சீனர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

நான் சீர்திருத்தக்காரன் அல்ல. மேடையில் பேசுகிறவனும் அல்ல. என் ஜாதி இன்னது என்று இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும், அது சாக்கடை அள்ளுகிற ஜாதி அல்ல. ஆனால் தோற்றால் எனக்குப் பொறுக்காது. மறுநாளே மார்க்கெட் ஸ்ட்ரீட் பாத்திரக்கடையில் பெரிதாக ஒரு பித்தளைக் குடம் வாங்கினேன். அடுத்த ஆட்டத்தில் அதில் பானகம் கரைத்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"இந்தா பாருங்க. இனிமே கோல் காக்குறவன் எடத்தை விட்டு அசையக் கூடாது. தண்ணி அவன்கிட்ட இருக்கும். வேணுங்குறவன் இங்க வந்து குடி. மத்த பானை எல்லாத்தையும் ஒடச்சாச்சு."

நிஜமாகவே உடைத்திருந்தேன்.

குவளை வைக்கவில்லை. குவளை வைத்தால் யார் வாய் முதலில் பட்டது என்று அதற்கு ஒரு சண்டை வரும். ஆகையால் அந்தோணி நின்று ஊற்றவேண்டும். மற்றவர்கள் குனிந்து கையைக் குவித்து வாங்கிக் குடிக்கவேண்டும். ஊரில் நின்று ஊற்றுகிறவன் யார், குனிந்து கை ஏந்துகிறவன் யார் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சத்தியமாக நான் அதை யோசித்துச் செய்யவில்லை. செய்த பிறகுதான் எல்லாரும் ஏன் அப்படி மலைத்து நிற்கிறார்கள் என்று எனக்கே உறைத்தது. உறைத்தபின் விட்டுக்கொடுக்க நான் ஆள் இல்லை.

எங்கள் சென்டர் பார்வர்டு முத்தையா. துணிக்கடைக் கணக்குப்பிள்ளையின் மகன். நல்ல குடும்பம், நல்ல கால். அவன் மட்டும் தள்ளி நின்றான்.

"என்ன முத்தையா, தாகம் இல்லையா?"

"இருக்குண்ணே. வீட்டுல போயிக் குடிச்சுக்குறேன்."

"மாட்டுத் தோலைத் தலையால முட்டுறியே, அதுல வராத தீட்டு தண்ணியில வந்துருச்சா?"

சலவைக்காரப் பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் சொன்னான்: "அவுரு வீட்டுக்குப் போயி பந்துக்கும் சேத்துத் தலை முழுகுவாருங்க தண்டல்."

"நீ ஒதைக்குற பந்தை அந்தோணி கையால புடிக்கிறான்" என்றேன். "ஒன் காலு பட்டதை அவன் தொடுறான். கணக்குப் பாத்தா அவன்தான் தலை முழுகணும்."

அந்தோணி குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவர விடுங்க தண்டலய்யா. தாகமெடுத்தா வருவாரு. தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது."

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். நாகூர்ப் பையன் முதலில் குடித்தான். வெயில் என்ன வெயில் அன்றைக்கு. முத்தையா தொண்டை வறள இரண்டாம் பாதி ஆடினான். கொஞ்ச நேரத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இவன் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்கள் கோல் பக்கம் ஓடி வந்தான். குனிந்து கையைக் குவித்தான். அந்தோணி குடத்தைச் சாய்த்தான்.

அந்த நேரம் பார்த்து எதிராளி பந்தோடு பாய்ந்து வந்துவிட்டான். அந்தோணி குடத்தைப் போட்டுவிட்டு ஒரு பக்கம் விழுந்தான். பந்து மறு பக்கம் போயிற்று. போன இடத்தில் முத்தையா வாய் நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்தான். பந்து அவன் நெற்றியில் மோதி வெளியே போயிற்று. அவன் முட்டினானா, பந்து அவனை முட்டியதா என்று இன்றுவரைக்கும் தெரியாது. வாயில் இருந்த தண்ணீரை மட்டும் அவன் துப்பவில்லை. விழுங்கினான். வேலியைச் சுற்றி நின்ற சனம் முழுவதும் பார்த்தது.

அன்றைக்கு ஜெயித்தோம். அந்தோணி கைத் தண்ணீர் ராசி என்று ஆகிவிட்டது. எந்தப் பிரசங்கத்துக்கும் மசியாத நம் ஆட்கள் ராசி என்றால் எதையும் குடிப்பார்கள். அதற்கப்புறம் அந்தோணி ஊற்றாமல் ஒரு ஆட்டமும் நடந்ததில்லை. அன்று கீழே விழுந்ததில் குடத்தின் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். தட்டி எடுக்கிறேன் என்று பாத்திரக்கடைக்காரர் சொன்னார். ராசி போய்விடும் என்று பையன்கள் விடவில்லை.

திடலை விட்டுப் போகும்போது அந்தோணி என்னிடம், "வரேண்ணே" என்றான். அதுவரைக்கும் தண்டலய்யா என்பான்.

4

ஒரு தேசத்தை எது ஒன்றாக்கும் என்று படித்தவர்கள் பத்திரிகையில் எழுதுகிறார்கள். மொழி என்கிறார்கள், மதம் என்கிறார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தண்ணீர் திடலோடு நிற்கவில்லை.

துறைமுகத்தில் கூலிகளுக்கு ஒரே பீப்பாய் வைத்தார்கள். "பந்துல குடிக்குறோம், இங்க என்ன" என்று அவர்களே கேட்டு வைத்தது அது. முத்தையாவின் கல்யாணத்தில் அந்தோணி பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனான். முத்தையாவின் பெரியப்பா முகத்தைச் சுளித்தார். மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த முத்தையாவே எழுந்து, "பெரியப்பா, அவன் எங்க கோல் காக்குறவன். அவன் ஊத்தலன்னா எனக்குச் சோறு எறங்காது" என்றான். இதை முத்தையா மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் சங்கம் தண்ணீர்ப் பந்தல் போட்டது. வேதக்காரனான அந்தோணி கழுத்தில் சிலுவையோடு நின்று காவடிக்காரர்களுக்கு மோர் ஊற்றினான். ஒருவரும் நீ யார் என்று கேட்கவில்லை. "கோல் காக்குற அந்தோணி" என்று அடையாளம் சொல்லிக்கொண்டு வரிசையில் நின்று கை ஏந்தினார்கள். சீனர் அணித் தலைவன்கூட ஆட்டம் முடிந்தால் வருவான். "அந்தோணி, ஆயிர்" என்று மலாய் மொழியில் தண்ணீர் கேட்பான். அவனுக்கும் கையில்தான்.

பந்து உதைக்கிற தமிழன் என்று அன்று குமாஸ்தாவிடம் சொன்னேனே, அந்த ஜாதி அப்படித்தான் பிறந்தது. என் குடத்தில் பிறந்தது.

5

இப்போது பஞ்சம். ரப்பருக்கு விலை இல்லை, ஈயத்துக்கு விலை இல்லை. கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்கு ஏற்றுகிறார்கள். முனிசிபாலிட்டியில் வயதானவர்களை முதலில் நிறுத்தினார்கள். அந்தோணியை நிறுத்தினார்கள். மனைவி விஷக்காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. என் வண்டிப்பேட்டையில் இரு என்றேன். மாடுகளே சும்மா நிற்கிற இடத்தில் தனக்கு என்ன வேலை என்று கேட்டான். எல்லாரோடும் கப்பல் ஏறிவிடுகிறேன் என்றான்.

கப்பலுக்குப் பேர் எழுத லேபர் ஆபீசுக்கு நானே கூட்டிப்போனேன். அங்கே எழுத்தர் ஒருவர் கேள்வி கேட்டு எழுதினார்.

"ஊரு?"

"பினாங்குங்க."

"பொறந்த ஊரு கேட்டேன்."

"தெரியாதுங்க. அம்மா இடுப்புல தூக்கிட்டு வந்திச்சு. அதுவும் காலரா வந்து நான் சின்னதா இருக்கையிலயே போயிருச்சு."

"ஏதாச்சும் ஒரு ஊரு சொல்லணும்லா. காலியா விட்டா துவான் காகிதத்தைத் திருப்பி அனுப்பிருவாரு."

"அப்ப பந்துத் திடல்னு போட்டுக்குங்க."

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கப்பல் நாகப்பட்டினம் போவதால் நாகப்பட்டினம் என்று எழுதிக்கொண்டார். இப்படியாக அந்தோணிக்கு ஒரு சொந்த ஊர் கிடைத்தது.

வெளியே வந்து வெயிலில் நடக்கும்போது அவன் கேட்டான். "அண்ணே, ஞாயித்துக்கெழம விழாவாமே. ஆட்டத்துக்கு நடுவுல நானே ஊத்திப்புடுறேன். அப்புறம் கப்பல் ஏறிப்புடுறேன். வேற ஒண்ணும் வேணாம்."

"நீ ஊத்தாம வேற யாரு ஊத்துறது?" என்றேன். "யாரு சங்கம்னு நெனச்ச?"

இப்போது சங்கத்தின் காரியதரிசி என் மகன் தங்கவேலு. கவர்ன்மெண்டு ஆபீசில் உத்தியோகம். நான் மூட்டையைப் பார்த்துப் படித்தேன். அவனை வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தேன். அதன் பலன், என்னிடம் பேசும்போது நடுவில் ஒரு வார்த்தைக்குத் தமிழ் தேடி வானத்தைப் பார்க்கிறான். அவனுக்கு இப்போது கால்பந்தைவிட டென்னிஸ் பிடிக்கிறது. அதில் எதிராளி தொலைவில் வலைக்கு அந்தப்புறம் நிற்கிறான், மேலே படமாட்டான்.

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா, இந்த வருஷம் சோடா ஏற்பாடு பண்ணியாச்சு. ஆளுக்கு ஒரு போத்தல்."

"சோடாவும் குடிக்கட்டும். அந்தோணியும் ஊத்தட்டும்."

"ஒரே பாத்திரத்துல எல்லாரும் குடிச்சா சீக்கு பரவும்னு டாக்டர் சொல்றாரு. ஹைஜீன் பாக்கணும்லா."

"கையில ஊத்தினா ஒதடு எங்கடா படுது?"

கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே சொன்னான். "புதுசா சேந்தவங்க நல்ல குடும்பத்து ஆளுங்க. அவங்கல்லாம் ஒரு மாதிரி பேசுறாங்க. பிரசிடெண்டும் சண்டை வேணாம்னு சொல்றாரு. ஒருத்தரையும் நாங்க வேணாம்னு சொல்லலியே அப்பா. போத்தல்னா பிரச்சினையே இல்ல."

பிரசிடெண்ட் யார் தெரியுமா? முத்தையா. இப்போது சொந்தத் துணிக்கடை, தங்கச் சங்கிலி, முத்தையாப் பிள்ளை.

"நீ அந்தோணி கையில குடிச்சு வளந்தவன்டா" என்றேன்.

"அது சின்ன வயசுல" என்றான்.

இதை நான் அந்தோணியிடம் சொல்லவில்லை. விழா அன்று நான் போய் நின்றால் யார் மறுக்க முடியும் என்று நினைத்தேன். என் திடல், என் சங்கம், என் மகன்.

6

அந்தோணி சாயங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டான். வெளுத்த சட்டை. குடத்தைப் புளி போட்டுத் துலக்கியிருந்தான். நசுங்கிய இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. பானகம் அவனே கரைத்தது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் பழைய இடத்தில் நின்றான்.

பாதி ஆட்டம் முடிந்தது. எங்கள் பையன்கள் எல்லாரும் பூட்ஸ் சத்தத்தோடு கொட்டகைப் பக்கம் போனார்கள். அங்கே பெட்டி பெட்டியாகச் சோடா. மூடி திறக்கிற சத்தம் பட்டாசு போலக் கேட்டது. ஒவ்வொருவனும் தன் போத்தலைத் தான் பிடித்துக்கொண்டு அண்ணாந்து குடித்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருவனும் குனியவில்லை.

அந்த நேரத்தில் முத்தையா எழுந்து, வந்திருந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு முன்னால் பேசினார். "இந்தச் சங்கம் தமிழ் மக்களிடையே ஜாதி பேதத்தை ஒழித்தது. விளையாட்டினால் நாம் ஒரே குடும்பமானோம்." இங்கிலீஷிலும் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். கையில் போத்தல் இருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

நான் அந்தோணியைப் பார்த்தேன். அவன் குடத்தின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு, பேசுகிறவரையே கவனித்துக்கொண்டு நின்றான். வாயில் தண்ணீரோடு பந்தை முட்டிய முத்தையாவை. பேச்சு முடிந்து உட்கார்ந்த முத்தையாவும் அவனைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார், சிரித்தார். நாற்காலியில் இருந்தபடியே தன் சோடாப் போத்தலை அந்தோணி பக்கம் கொஞ்சம் உயர்த்திக் காட்டிவிட்டுக் குடித்தார்.

இப்போதைய கோல் காப்பவன் கையுறை மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். மரியாதையுள்ள பிள்ளை, குறை சொல்லக் கூடாது. "பெரியவரே, ஆட்டம் ஆரம்பிக்கப் போவுது. கொடத்தைக் கொஞ்சம் வேலிக்கு வெளிய வச்சுக்குறீங்களா? கால்ல தட்டும்."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வார்த்தை அவன் வாயில் எப்படி வந்து உட்கார்ந்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் திடலுக்குள் போனேன். என் வயதுக்கு முதுகு வளையாது, வளைத்தேன். கையைக் குவித்து, "ஊத்து" என்றேன்.

"வேணாண்ணே. எல்லாரும் பாக்குறாக."

"பாக்கணும்னுதான் வந்தேன். ஊத்து."

ஊற்றினான். குடித்தேன். நான் நினைத்தது என்னவென்றால், நான் குனிந்தால் இன்னொருவன் வருவான், அவனைப் பார்த்து இன்னொருவன் வருவான். அன்றைக்கு நாகூர்ப் பையனுக்குப் பின்னால் எல்லாரும் வந்த மாதிரி. என் பின்னால் ஒரு காலடிச் சத்தம் கேட்டது. தங்கவேலு. எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது. கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.

"அப்பா, எந்திரிங்க" என்றான் மெதுவாக. "துவான் பாக்குறாரு. கெழவருக்கு மயக்கமா, என்ன ஆச்சுன்னு கேக்குறாரு."

நான் எழுந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அந்தோணி குடத்தைத் தூக்கிக்கொண்டு கோலுக்கு நேர் முன்னால் போனான். மிச்சம் இருந்த பானகத்தை அங்கே தரையில் மெதுவாக ஊற்றினான். செடிக்கு ஊற்றுகிற மாதிரி.

"இந்த எடத்துல மட்டும் புல்லு மொளைக்கவே இல்ல, பாத்தீங்களாண்ணே."

"நீ நின்ன எடம்டா அது."

"ஆமா. நின்னேன்" என்றான்.

வேலிக்கு வெளியே வந்தபின் குடத்தை என்னிடம் நீட்டினான். "ஒங்க குடம்."

"நீயே கொண்டுபோ. இங்க இனிமே யாருக்கு?"

உள்ளே விசில் ஊதினார்கள். எங்கள் அணிதான் ஜெயித்தது என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

7

விழாவுக்காகச் சங்கத்தார் ஒரு மலர் போடுகிறார்கள். அதில் ஒரு பக்கம் பந்து விளையாட்டு எப்படி இந்நாட்டுத் தமிழரை ஒன்றாக்கியது என்பது பற்றி. எழுதுகிறவர் படித்தவர், சேறு மிதிக்காதவர். எனக்கும் ஒரு வரி உண்டாம். "மைதானத்துக்கு மண் உபயம்: சிவனாண்டி." தங்கவேலு சந்தோஷமாக வந்து சொன்னான். மண் எவனும் அடிப்பான். எருமைகூட அடிக்கும். நான் அடித்தது மண் அல்ல.

ஊரில் இருக்கிறவர்களே, உங்களுக்கு எழுதக் காரணம் இது. அந்தோணி வியாழக்கிழமை கப்பல் ஏறிவிட்டான். துறைமுகத்தில், நான் மூட்டை தூக்கிய அதே இடத்தில் நின்று அனுப்பி வைத்தேன். அவனிடம் ஒரு ஜமக்காளச் சுருட்டும் அந்தக் குடமும் தவிர ஒன்றும் இல்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது நாகப்பட்டினத்தில் இறங்கியிருப்பான். அவனுக்கு அங்கே யாரும் இல்லை. எந்தத் தெருவுக்குள் போகலாம், எந்தக் கிணற்றை நெருங்கக் கூடாது என்பதும் தெரியாது. இடுப்புக் குழந்தையாகக் கப்பல் ஏறியவன். அந்தப் பாடம் அவனுக்குப் பாதிதான் வரும். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து நிற்பான். உங்களுக்குக் கோபம் வரும்.

உயரமான ஒரு கிழவன், கழுத்தில் சிலுவை, கையில் வயிறு நசுங்கிய பித்தளைக் குடம். அப்படி ஒருவன் வந்தால் அவன்தான். குனிந்து, கையைக் குவித்து, ஒரு வாய் வாங்கிக் குடியுங்கள். பினாங்கில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் குடித்திருக்கிறார்கள். துணிக்கடை முத்தையாப் பிள்ளை குடித்திருக்கிறார். சந்தேகம் இருந்தால் அவருக்கே எழுதிக் கேளுங்கள்.

குடிக்கமாட்டீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். நானும் அந்த ஊர்த் தண்ணீர் குடித்தவன்தான். இங்கே கடல் தாண்டி வந்து, ஒரு தலைமுறை குடித்துப் பழகி, அடுத்த தலைமுறை சோடாவுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கிழவனும் ஒரு குடமும் போய் என்ன செய்துவிட முடியும்?

ஆகையால் குறைந்தது இதையாவது செய்யுங்கள். பந்து விளையாட்டு தமிழனை ஒன்றாக்கியது என்று யாராவது அங்கே எழுதினாலும் பேசினாலும் நிறுத்திச் சொல்லுங்கள்: பந்து அல்ல, குடம். ஊற்றியவன் அந்தோணி. வேலிக்கு வெளியே இருந்த தண்ணீரை உள்ளே கொண்டுவந்து வைத்தவன் பினாங்கு வண்டிப்பேட்டைச் சிவனாண்டி. அந்தோணி பெயரை எனக்கு முன்னால் போட்டாலும் சம்மதம். என் பெயரை விடக் கூடாது. மண் உபயம் என்றும் போடக் கூடாது.